குளியாளும் பாரும்: கடலடிச் சொற்களின் வரலாறு

பினாங்கிற்கு வடக்கே, மலாக்கா நீரிணையில், லங்காவிக்குத் தெற்கே சிறிய தீவுக்கூட்டம் ஒன்று உண்டு. பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் என்னும் நான்கு தீவுகள் கொண்ட அது கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்தின்கீழ் 1994-இல் பிறந்த ஆணை, தீபகற்பத்தின் கிழக்குக் கடற்கரைத் தீவுகளோடு இத்தீவுகளைச் சூழ்ந்த நீரையும் கடற்பூங்காவாக நிறுவிற்று. தாழ்நீர்க் கோட்டிலிருந்து இரண்டு கடல் மைல் தொலைவுவரை மீன்பிடித்தலும் பவளம் எடுத்தலும் அங்கே தடைசெய்யப்பட்டுள்ளன. முதுகில் காற்றுருளை கட்டிக்கொண்டு நீருக்குள் இறங்கிப் பவளப்பாறையைக் கண்டு திரும்புவோர் இன்று அந்நீரின் விருந்தினர்.

இச்செயலைத் தமிழில் எப்படிச் சொல்வது என்னும் வினாவே இவ்வுரையின் தோற்றுவாய். 'ஸ்கூபா டைவிங்' என்று எழுத்துப்பெயர்த்து எழுதுவோர் உண்டு. 'ஆழ்கடல் முக்குளிப்பு' என்போரும் 'நீர்மூழ்கல்' என்போரும் உண்டு. கலைச்சொல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிய வேலைபோலத் தோன்றும். ஆயினும் கடலடியில் இறங்கிய வரலாறு ஈராயிரம் ஆண்டுக்குக் குறையாமல் உடைய மொழி தமிழ். அவ்வரலாற்றைப் பாராமல் சொல் தேர்வது, பழைய வீட்டின் அறைகளைத் திறந்து பாராமல் புதிய வீட்டிற்குத் தட்டுமுட்டுப் பொருள் வாங்குவதை ஒக்கும்.

1. குளி, முழுகு, முக்குளி

இன்றைய பேச்சில் 'குளித்தல்' என்றால் நீராடுதல் மட்டுமே. பழைய தமிழில் அதன் பொருட்பரப்பு விரிந்தது. நீருள் இறங்குதலும் அடியில் உள்ளதை எடுத்தலும் குளித்தலே. எய்த அம்பு உடலில் புதைவதையும் புலவர்கள் 'குளித்தல்' என்றே சொன்னார்கள். ஆகவே, மேற்பரப்பைக் கடந்து உட்புகுதல் என்பதே இவ்வினையின் நடுப்பொருளாதல் வேண்டும். மேல்நீரில் உடல் நனைக்கும் பொருள் பெருவழக்காக, உட்புகும் பொருள் இரண்டு தொடர்களில் மட்டும் ஒதுங்கிற்று: முத்துக்குளித்தல், சங்குகுளித்தல். தொழில் நிலைத்த இடத்தில் சொல்லின் பழம்பொருளும் நிலைத்தது என்பது மொழியியலார் அறிந்த பொதுவிதிக்கு நல்ல சான்று.

'முழுகு' என்பது அதனினும் பரந்த குடும்பத்தைச் சேர்ந்தது. மலையாளத்தில் முழுகுக, கன்னடத்தில் முளுகு, தெலுங்கில் முனுகு என இன்றும் அது வாழ்கிறது. 'முக்குளித்தல்' நீரில் முங்கி எழுவதைக் குறிக்கும். குளங்களில் நொடிப்பொழுதில் மறைந்து வேறோரிடத்தில் தலைகாட்டும் சிறு நீர்ப்பறவைக்கு முக்குளிப்பான் என்று பெயரிட்டோர் இவ்வினையை நன்கு அறிந்தவர்கள். முழுகினது மேலே வராமலும் போகலாம். முக்குளித்ததோ மீண்டு வரும்.

கடலில் குளிப்போர் சங்க இலக்கியத்திலேயே தோன்றுகின்றனர். சுறா திரியும் கடலில் வலம்புரிச் சங்கிற்காக மூழ்கும் பரதவரை அகநானூறு காட்டுகிறது. கொற்கையின் முத்து பாண்டிய நாட்டின் அடையாளமாகவே பாடப்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடல் செலவு' என்னும் வணிகக் கையேடு, கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது. இலக்கியம் காட்டும் பெருமிதத்தோடு இக்கொடுமையையும் சேர்த்து வைத்தால்தான் வரலாறு முழுமை பெறும்.

2. பெயரிடப்பட்ட கடலடி

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். இலக்கியத்தில் 'பார்' உலகத்தைக் குறிக்கும். நெய்தல் நில மக்களிடத்தில் அது நீருள் கிடக்கும் பாறைத்தளம். தூத்துக்குடிக் கடலின் தொள்ளாயிரம் பார், இலங்கைப் பக்கத்தின் பெரிய பார், செவல் பார் முதலிய பெயர்கள் பிரித்தானிய ஆட்சியின் அறிக்கைகளிலும் வரைபடங்களிலும் அப்படியே இடம்பெற்றன. அளவைக் கருவியோடு வந்த அதிகாரிகள் அக்கடலடிக்குப் புதுப்பெயர் சூட்டவில்லை. சூட்டத் தேவையும் இருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத நிலத்தைக் குளியாட்கள் முன்பே பெயரிட்டு முடித்திருந்தனர்.

அலைமேல் அடையாளம் ஏதுமில்லாத இடத்தை மீண்டும் மீண்டும் கண்டடைவது எப்படி? கரையிலுள்ள கோபுரம், குன்று, உயர்ந்த பனை ஆகியவற்றுள் இரண்டிரண்டை நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, அக்கோடுகள் வெட்டும் புள்ளியே தம் இடம் என்று துணிவார்கள். குமரிக் கடற்கரையில் இதனைக் 'கணியம்' என்பர். கணித்தல், கணியன் என்னும் சொற்களோடு இதனை ஒருங்கு வைத்துப் பார்த்தால், எழுதப்படாத அறிவியல் ஒன்றின் தடம் புலப்படும்.

குளிப்பு நாளின் ஒழுங்கு பல நூற்றாண்டு பெரிதும் மாறாதது. நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் படகுகள் புறப்படும். விடியலில் பாரைச் சேரும். நண்பகலுக்குப் பின் கடற்காற்றில் திரும்பும். ஒரு கல்லுக்கு இரண்டு குளியாட்கள். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலூன்றி ஒருவன் இறங்க, மற்றவன் மேலே இளைப்பாறுவான். ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில், பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டிய பொழுதில், கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் இட்டுக் கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவன் இழுப்பான். கயிறு பிடிப்பவன் குளியாளின் மைத்துனனாக இருப்பது வழக்கம் என்று மக்கள் வாய்மொழி சொல்லும். உடன்பிறந்தாளின் தாலி தன் கையிலுள்ள கயிற்றில் தொங்குகிறது என்பதை அறிந்தவன் கண்ணயரமாட்டான் அல்லவா?

இத்தொழிலின் சொற்களுள் 'கடல்கட்டி' தனித்துக் குறிக்கத்தக்கது. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவன் என்பது பொருள். மாபார் எனப்பட்ட பாண்டிய நாட்டுக் கரைக்கு 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும் இருபதில் ஒரு பங்கு மீனை மயக்குவோருக்கும் சென்றதாகக் குறித்தார். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் ஆங்கில அரசும் கடல்கட்டியைத் தன் பணியாளர் பட்டியலில் வைத்திருந்தது. மந்திரத்தில் நம்பிக்கையில்லாத அரசு சம்பளம் கொடுத்தமைக்குக் காரணம் எளிது: கடல்கட்டி இல்லாமல் குளியாட்கள் இறங்கமாட்டார்கள்.

3. சலாபமும் மூடிய ஆண்டுகளும்

முத்துக்குளிப்புப் பருவத்திற்கும் அதனை ஒட்டிக் கூடும் சந்தைக்கும் 'சலாபம்' என்று பெயர். சலாபம் ஆண்டுதோறும் நிகழ்ந்தது என்று எண்ணுவது தவறு. அரசின் ஆட்கள் பாரில் மாதிரிச் சிப்பிகளை எடுத்துச் சோதிப்பார்கள். சிப்பி முதிர்ந்திருந்தால் சலாபம் அறிவிக்கப்படும். இளையதாக இருந்தால் பார் மூடியே கிடக்கும். இலங்கைப் பக்கத்தில் 1891-க்குப் பின் 1903 வரை சலாபமே இல்லை. காரணம் காண அழைக்கப்பட்ட வில்லியம் ஹெர்ட்மன் ஐந்து தொகுதிகளாக அறிக்கை எழுதினார். பருவக்காற்று புரட்டும் மணலும் சிப்பியைத் தின்னும் மீன்களும் பாரை அழிக்கும் இயற்கைக் காரணங்களுள் அடங்கும் என்று கண்டார். அவருக்குத் துணையாக வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர்ச் சென்னை மாகாணப் பணியில் சேர்ந்து, 1914-இல் சங்கு பற்றியும் 1922-இல் முத்துக்குளிப்புப் பற்றியும் எழுதிய நூல்கள் இத்துறையின் அடிப்படை ஆவணங்கள்.

1905-ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே இலங்கையின் பார்கள் ஒரு தனியார் நிறுவனத்திற்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907-க்குப் பின் எடுக்கச் சிப்பி இல்லை. நிறுவனமும் சில ஆண்டுகளில் முடங்கிற்று. தூத்துக்குடிப் பக்கத்தில் 1961-இல் நடந்ததே இறுதிச் சலாபம். அதன்பின் பிறந்த தலைமுறைக்கு முத்துக்குளித்தல் என்பது பாடநூலில் வரும் தொடர். தூத்துக்குடிக்கு வழங்கும் அடைமொழி.

ஆக, கடலைத் திறப்பதும் மூடுவதும் நமக்குப் புதியன அல்ல. ஆனால் அக்காலத்தில் மூடியது வருவாயைக் காக்க, பாரை அல்ல. குளியாளுக்குக் கிடைத்தது எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு. எப்போது குளிப்பது என்னும் முடிவோ அரசின் கையில். இந்த வேறுபாட்டை மறவாமல்தான் இன்றைய கடற்பூங்காக்களையும் நோக்க வேண்டும்.

4. பவளமும் முருகையும்

சங்கப் பாடல்களில் பவளத்திற்குத் 'துகிர்' என்றொரு பெயர் உண்டு. 'பவளம்' என்பது வடமொழிப் பிரவாளத்தோடும் பாலியின் பவாளத்தோடும் தொடர்புடைய சொல். இவை குறிப்பது அணிகலனாகும் செம்பவளம். அது பெரிதும் மத்தியதரைக் கடலில் விளைவது. மேலே குறித்த கிரேக்கக் கையேடு முசிறிப் பக்கத் துறைமுகங்களில் இறங்கிய சரக்குகளுள் பவளத்தையும் சேர்க்கிறது. உரோமர் இந்திய முத்தை விரும்புவதுபோல இந்தியர் பவளத்தை விரும்புகின்றனர் என்று பிளினி எழுதினார். நம் கடலின் முத்து மேற்கே சென்றது. மேலைக் கடலின் பவளம் இங்கே வந்தது.

அப்படியானால், நம் கரையிலேயே வளர்ந்த பவளத்திட்டுகளுக்குப் பெயர் என்ன? மூக்குத்திக்கும் மாலைக்கும் பயன்படாத அந்த வெண்கல்லுக்கு 'முருகைக்கல்' என்பது பெயர். இலங்கைத் தமிழில் அச்சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்குள்ள பாடநூல்கள் 'முருகைக்கற்பாறை' என்றே எழுதுகின்றன. தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் 'பவளப்பாறை' வழங்குகிறது. அணிகலனின் பெயரைப் பாறைக்கு ஏற்றியதால் ஒரு மயக்கம் விளைந்தது: பவளப்பாறை என்றதும் செந்நிறக் கல்லையே எதிர்பார்த்துச் செல்லும் மாணவர் உண்டு. 'முருகை' அம்மயக்கம் தாராது. மலாய்மொழி இவ்வகையில் தெளிவுடையது. அணிகலப் பவளம் அரபு வழிவந்த 'மர்ஜான்'. கடலடிப் பவளம் 'காராங்'. பாறைத்தொடர் 'தெரும்பு காராங்'. கட்டுரை எழுதுவதற்கும் மலாயில் இதே ஒலியுடைய வினை இருப்பது சுவையான ஒலியொப்புமை.

5. சல்லித் தீவுகள்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் நிறுவப்பட்டது. அதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அதனையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அத்தீவுகளின் பெயர்களே ஓர் அகராதி: முயல்தீவு, நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, காரைச்சல்லி, விலாங்குசல்லி, பூவரசன்பட்டி. நன்னீர் கிடைக்கும் தீவு எது, கிடைக்காத தீவு எது என்பதைப் பெயரே மாலுமிக்குச் சொல்லிவிடும்.

'சல்லி' என்பது உடைந்த சிறு கல். அலை உடைத்துக் குவித்த முருகைத் துண்டுகளாலான திட்டு என்பதை அப்பெயர் வெளிப்படையாகவே அறிவிக்கிறது. இத்தீவுகளைச் சுற்றிய முருகைக்கல் பல்லாண்டுகள் சுண்ணாம்பிற்கும் கட்டடத்திற்கும் ஆலைகளுக்குமாக வெட்டி எடுக்கப்பட்டது. அலையின் வேகத்தைத் தாங்கிய அரண் போனபின் மண் கரைந்தது. விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கின. 2001-இல் பவள இனங்கள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பின்னரே வெட்டுதல் படிப்படியாக ஓய்ந்தது. தீவு போய்விட்டது, பெயர் மட்டும் பட்டியலில் 21-ஐ நிறைவு செய்துகொண்டு நிற்கிறது. ஊர்ப்பெயர் ஆய்வில், ஊர் அழிந்தும் பெயர் வாழ்வதை நாம் பலவிடத்தும் காண்போம். தன்னை எதனால் ஆக்கினார்களோ அதையே தோண்டியதால் அழிந்த இடத்தின் பெயர் 'சல்லி' என்பது தனித்த துயரம்.

6. மூச்சடக்கலும் மூச்சுவிடலும்

இனித் தொடக்க வினாவிற்குத் திரும்புவோம். 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் உருவாக்கிய கருவி, உருளையில் அடைத்த காற்றைக் குளியாள் இழுக்கும்போது, அவன் நிற்கும் ஆழத்தின் அழுத்தத்திற்கேற்பத் தந்தது. 'ஸ்கூபா' என்பது 'தன்னிறைவான நீரடி மூச்சுக்கருவி' என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது.

தமிழில் குளியாளின் திறம் முழுவதும் மூச்சில் அடங்கியது. 'மூச்சடக்கி முத்தெடுத்தல்' அரிய முயற்சிக்கே உவமையாயிற்று. ஆனால் ஸ்கூபா குளிப்பில் முதல் விதி இதற்கு நேர்மாறு: எக்காரணத்தாலும் மூச்சை அடக்காதே. காரணம் இயற்பியல். நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே மூச்சு வாங்கி இறங்கும் பழைய குளியாளின் நுரையீரற்காற்று ஆழத்தில் சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்கே மீளும். அழுத்தக் காற்றை ஆழத்திலேயே இழுப்பவன் மூச்சடக்கி ஏறினாலோ, அக்காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். விரைந்து ஏறினால் குருதியில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி முடக்கும்; உயிரையும் பறிக்கும்.

ஆகவே, இங்கே சொல் உயிர்காக்கும் பொருளாகிறது. 'முத்துக்குளிப்பதுபோல' என்னும் உவமையைக் கொண்டு ஸ்கூபாவை விளக்கும் ஆசிரியர், மாணவனுக்கு இடர்தரும் கருத்தை ஊட்டுபவராவார். மன்னார் வளைகுடாவில் சங்குகுளிப்போர் சிலர் பிற்காலத்தில் படகிலுள்ள காற்றழுத்தியிலிருந்து குழாய்வழி மூச்சு வாங்கிக் குளிக்கத் தொடங்கினர். கருவி வருவது எளிது. அதற்குரிய எச்சரிக்கைகள் அவர்கள் பேசும் மொழியில் உடன்வந்தால்தான் அது கருவி. வாராதபோது அது கண்ணி. மூச்சடக்கிக் குளித்தலை 'மூச்சடக்கு குளிப்பு' என்றும், உருளைக் காற்றோடு குளித்தலை 'மூச்சுக்கருவிக் குளிப்பு' என்றும் வேறுபடுத்தி வழங்கலாம் என்பது என் பரிந்துரை. இரண்டையும் 'முக்குளிப்பு' என்னும் ஒரே சொல்லுள் அடைப்பது அழகாக இருக்கலாம், தெளிவாக இராது. பயணியின் பேச்சில் 'ஸ்கூபா' வழங்குவதில் குற்றமில்லை. பாடநூலும் பயிற்சிக் கையேடும் இவ்வேறுபாட்டை விடலாகாது.

பழைய தொழிலிலிருந்து எடுத்தாளத்தக்கனவும் உண்டு. இன்றைய பயிற்சியில் இருவர் இருவராகவே இறங்க வேண்டும் என்பது விதி. ஒரு கல்லுக்கு இருவராக நின்ற குளியாட்களை நினைவுகூர்ந்து அத்துணைவரை 'இணையாள்' எனலாம். பவளத்திட்டைப் 'பார்' என்றும், அதனை ஆக்கிய உயிரின் கல்லை 'முருகை' என்றும் வழங்குவது அகராதியைத் தோண்டி எடுத்த செயற்கையன்று. கடற்கரையில் இன்னும் அணையாத நெருப்பிலிருந்து விளக்கேற்றுவது.

7. பாயாரும் நாமும்

பினாங்கின் தமிழர்க்கு இவ்வரலாற்றில் உரிமை உண்டு. 1801-இல் இந்நகரில் பள்ளிவாசல் அமைத்த காதர் மைதீன் பெயரோடு ஒட்டிய 'மெரிக்கான்', கீழக்கரை முதலிய துறைகளின் மரைக்காயர் என்னும் பெயரின் மலாய் வடிவமே. அக்கரையோரத்து முஸ்லிம்களும் பரதவரும் முத்தும் சங்கும் குளித்தவர்கள், விற்றவர்கள். ஆயினும் குளியாளின் சொற்கள் இங்கே வந்து வேர்கொள்ளவில்லை. பினாங்கைச் சூழ்ந்த நீர் கலங்கல் மிகுந்தது. பின்னர் வந்த தமிழருள் பெரும்பாலோர் கடலைக் கடந்து வந்தும் தோட்டத்திற்கும் இருப்புப்பாதைக்கும் சென்றவர்கள். நம் மலேசியத் தமிழில் ரப்பர்க் காட்டிற்குச் சொல்வளம் உண்டு, கடலடிக்கு இல்லை.

பாயாரின் நீர் இன்று காக்கப்படுகிறது. எனினும் தீவின் மண் மாநில அரசின் அதிகாரத்திலும் சூழ்ந்த நீர் கூட்டரசின் மேற்பார்வையிலும் இருப்பதால், கரையில் நேர்வதற்கும் கடலில் நேர்வதற்கும் பொறுப்பாளர் வெவ்வேறு. வேலியால் தடுக்க இயலாத பகையும் உண்டு. 2010-இல் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது மலேசியா தன் கடற்பூங்காக்களில் சில குளிப்பிடங்களைத் தற்காலிகமாக மூடியது. சிப்பி முதிராத ஆண்டில் பாரை மூடிய பழைய வழக்கத்தின் மறுவடிவம் அது. இம்முறை மூடியது வருவாய்க்காக அன்று. வருவாயை இழந்து பாருக்கு ஓய்வு தருவதற்காக. ஈராயிரம் ஆண்டு வரலாற்றில் இத்திருப்பமே பெரிது. எடுப்பதற்காக இறங்கிய மனிதன் காண்பதற்காக இறங்குகிறான். ஆனால் காண்பவனின் துடுப்புக்காலும் பவளத்தை உடைக்கும். எடுக்காமல் இருப்பதோடு தொடாமல் இருப்பதையும் அவன் கற்க வேண்டும்.

இந்நாட்டில் தமிழ்க்கல்வி 1816-இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியின் தமிழ் வகுப்பில் தொடங்கியது. இன்று நம் தமிழ்ப்பள்ளி மாணவர் அறிவியலைத் தமிழில் பயில்கின்றனர். அவர்களுக்காக இம்மன்றம் செய்யத்தக்கன மூன்று. தூத்துக்குடி, கீழக்கரை, மன்னார்ப் பகுதிகளில் எஞ்சியுள்ள முதிய குளியாட்களின் சொற்களை ஒலிப்பதிவாகத் தொகுக்கும் ஆய்வாளர்களோடு கைகோத்தல் ஒன்று. அச்சொற்களை மலாய் நிகரிகளோடு அடுக்கிக் கடலடிச் சிற்றகராதி வெளியிடுதல் இரண்டு. பாயார் போன்ற கடற்பூங்காக்களின் பாதுகாப்பு விதிகளைப் பிழையற்ற தமிழில் பள்ளிகளுக்கு வழங்குதல் மூன்று. இவற்றுள் முதலாவது காத்திராது. 1961-இல் இருபது வயதில் குளித்தவர் இன்று எண்பதைக் கடந்தவர். அவரோடு போகும் சொல்லை எந்தக் கருவிகொண்டும் மீண்டும் குளித்து எடுக்க இயலாது.